உடும்புப் பெட்டி: முதலில் மண், அப்புறம்தான் மற்றது

ஊரில் இருக்கும் என் மாமாவிடம் நான் உடும்பு வளர்ப்பதாகச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "உடும்பைக் கறி வைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன் மாப்பிள்ளை, லைட் போட்டு வளர்த்ததாகக் கேள்விப்பட்டதில்லையே" என்றார். அவருக்குச் சொன்ன விளக்கத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மெல்போர்னில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் வெளியே ஆறேழு டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் பாலைநிலத்துப் பிராணி ஒன்றை ஒரு பெட்டிக்குள் வாழ வைப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வயல்வரப்பில் ஓடும் உடும்பைப் பிடித்துவரக் கிளம்பிவிடக் கூடாது. இந்தியாவில் வாழும் உடும்பு இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருப்பதும் அதே அட்டவணையில்தான். பிடித்தாலும் வைத்திருந்தாலும் குறைந்தது மூன்று ஆண்டு சிறை, அதிகபட்சம் ஏழு. இலங்கையிலும் உடும்புக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரில் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட ஊர்வன ஓரிரண்டு ஆமை இனங்கள் மட்டுமே. நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் உரிமம் எடுத்து, உரிமம் உள்ளவரிடம் வாங்கி வளர்க்கலாம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் பெட்டி வாங்கும் முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

எந்த உடும்பு?

உலகில் எண்பதுக்கும் மேற்பட்ட உடும்பு இனங்கள் உண்டு. உள்ளங்கையில் அடங்குகிற குட்டை உடும்பும் அதில் உண்டு, மூன்று மீட்டர் வளரும் கொமோடோவும் உண்டு. "உடும்புக்கு என்ன பெட்டி வாங்கலாம்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதனால் நான் வளர்க்கும் இனத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வட ஆஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு. வளர்ப்பவர்கள் செல்லமாக 'ஆக்கி' என்பார்கள், அறிவியல் பெயர் வாரனஸ் அகாந்துரஸ். மூக்கிலிருந்து வால் நுனி வரை 60, 70 செ.மீ., அதில் பாதிக்கு மேல் வால். வால் முழுக்கச் சொரசொரப்பான முட்கள். ஆஸ்திரேலியா தன் காட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படுகிற ஆக்கிகள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவற்றின் வாரிசுகள். புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்ற உடும்பு எது என்று கேட்டால் பெரும்பாலானோர் இதைத்தான் காட்டுவார்கள். காரணம் அளவு.

இது வாழும் இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் இருக்கும் கிம்பர்லி, பில்பாரா போன்ற பகுதிகள். செம்மண், பாறைத் திட்டுகள், ஊசி ஊசியாகக் குத்தும் ஸ்பினிஃபெக்ஸ் புல். கோடை மதியத்தில் பாறையின் மேல் கை வைக்க முடியாது. ஆனால் அதே பாறைக்கு அடியில் ஆக்கி தோண்டி வைத்திருக்கும் வளைக்குள் கையை விட்டால் மண் குளிர்ச்சியாக, லேசாக ஈரமாக இருக்கும். ஆபத்து வந்தால் அது அந்த இடுக்கில் நுழைந்து உடம்பை உப்பி, முள்வாலால் வாசலை அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் உடும்புப் பிடி என்கிறோமே, அதன் ஆஸ்திரேலியப் பதிப்பு.

கொதிக்கும் பாறை மேலே, ஈரமான குளிர்ந்த வளை கீழே. இரண்டுக்கும் இடையே ஓரிரு அடி தூரம். இந்தத் தூரத்தைத்தான் நாம் பெட்டிக்குள் கட்டுகிறோம். இனிமேல் சொல்லப்போகிற அளவு, விளக்கு, மண் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஏன் இரண்டு எல்லையும் வேண்டும்?

உடும்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். சுறுசுறுப்பாக ஓட, வேட்டையாட, தின்றதைச் செரிக்க அதன் உடம்பு ஏறக்குறைய 36, 38 டிகிரி செல்சியஸுக்கு வர வேண்டும். இதைப் படித்தவுடன் புதியவர் செய்யும் முதல் தவறு, பெட்டி முழுவதையும் 36 டிகிரிக்குச் சூடாக்குவது. இரண்டாவது தவறு, வெயில் காயும் கல்லை, அதாவது விளக்கின் அடியில் உடும்பு ஏறிப் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும் கல்லை, 40 டிகிரிக்கு வைத்துவிட்டுப் "போதும், பாவம் சுடும்" என்று விடுவது.

ஆக்கி வளர்ப்பவர்கள் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பை 55 முதல் 65 டிகிரி வரை வைக்கிறார்கள். முதன்முதலாகக் கேட்டபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தோசைக்கல் கணக்கு இது. கல் நன்றாகக் காய்ந்திருந்தால் தோசை சீக்கிரம் வெந்துவிடும், எடுத்துவிடலாம். கல் காயவில்லை என்றால் தோசை அங்கேயே கிடந்து வறண்டு போகும். உடும்பும் அப்படித்தான். கல் 60 டிகிரி என்றால் சில நிமிடங்களில் வேண்டிய சூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விடும். கல் 40 என்றால் நாள் முழுக்க விளக்கின் அடியிலேயே கிடக்கும். விளக்கின் கீழே காற்று வறண்டது. அங்கே கிடக்கிற நேரமெல்லாம் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும்.

உடும்பைக் கொல்வது பல நேரம் இந்த வறட்சிதான். குளிரைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். வறட்சி சத்தமில்லாமல் மாதக்கணக்கில் நடக்கும். தண்ணீர்க் கிண்ணம் நிறைந்தே இருக்கும், ஆனால் உடும்பின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும், மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்துகொண்டிருக்கும். காட்டில் இதிலிருந்து அதைக் காப்பாற்றுவது வளை. வளைக்குள் ஈரப்பதம் 80, 90 சதவீதம் இருக்கும். வெயில் காய்ந்த உடும்பு அங்கே போய்ப் படுக்கும்போது தண்ணீர் இழப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பெட்டியில் வளை தோண்ட மண் இல்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த விளக்கு வாங்கினாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

கடையில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டிகளை முதலில் மறந்துவிடுங்கள். மீன்தொட்டி போன்றவற்றுக்கு மேலே வலை மூடி இருக்கும். சூடு மேலே போகும், ஈரமும் அதோடு போகும். அந்த வலையின் மேல் விளக்கை வைத்தால் நாம் அறையைச் சூடாக்குகிறோம், உடும்பை இல்லை. வேண்டியது மேல்புறம் முழுக்க மூடிய, முன்பக்கம் திறக்கிற பெட்டி. காற்றுக்கு இரண்டு சிறிய துவாரப் பட்டைகள் போதும், ஒன்று ஒரு பக்கம் கீழே, இன்னொன்று எதிர்ப்பக்கம் மேலே. காற்று மெதுவாக நகரும், ஈரம் ஒரேயடியாகப் போய்விடாது.

அளவு. ஓர் ஆக்கிக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று பழைய கணக்கு ஒன்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதில் 2 அடி உயரம்தான் எனக்கு இடிக்கிறது. ஓர் அடி மண் போட்டால் மிச்சம் ஓர் அடி. அந்த ஓர் அடிக்குள் விளக்கு, கல், உடும்பு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும். நீளம் 4 அடி, அகலம் 2 அடி என்பதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொண்டு உயரத்தை 3, 4 அடியாக்குங்கள். இடமிருந்தால் எல்லாப் பக்கமும் இன்னும் பெரிதாக்குங்கள். என்னுடையது 150 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம். அதில் 40 செ.மீ. மண்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் போடாமல் விட்ட கணக்கு இது. 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள பெட்டியில் 30 செ.மீ. மண் என்றால் 216 லிட்டர். ஈர மண் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆக 320 கிலோவுக்கு மேல். என் பெட்டியில் அதுவே 675 கிலோ. மரத்தளம் போட்ட மாடியறையில் இதை வைக்கலாமா என்று கட்டடம் தெரிந்தவரிடம் கேட்காமல் வைக்கக் கூடாது. நான் முதலில் மேஜைக்கால் மாதிரி நான்கு கால் வைத்த ஸ்டாண்டில்தான் பெட்டியை நிறுத்தினேன். பாதி மண் போட்டபோதே நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டிவிட்டு, தரைத்தளத்தில், சிமெண்டுத் தரையில், அடிப்பலகை முழுக்கத் தாங்கும்படி மறுபடி வைத்தேன். அந்த வார இறுதியை மறக்க முடியாது. வீட்டிலும் யாரும் மறக்க விடவில்லை.

எதில் செய்வது? பிவிசி பலகைகளால் ஆன பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. ஈரம் தாங்கும், எடை குறைவு, ஆனால் மண்ணின் அழுத்தத்தில் பக்கவாட்டில் வயிறு தள்ளும். சட்டகம் கொடுத்து இறுக்க வேண்டும். பிளைவுட்டில் தச்சரிடம் சொல்லிச் செய்தால் உறுதியாக இருக்கும், செலவும் குறையும். உள்ளே ஈர மண் இருக்கப்போவதால் கீழ்ப்பகுதிக்கு மீன்குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பையோ எபாக்சி பூச்சையோ கொடுக்க வேண்டும். பூச்சு அடித்தால் வாசம் முழுக்கப் போகும் வரை உடும்பை உள்ளே விடாதீர்கள்.

முன்பக்கத்தில் கண்ணாடிக் கதவு மண் மட்டத்துக்கு மேலேதான் தொடங்க வேண்டும். கீழே மண்ணைத் தாங்கும் தடுப்பு 30 முதல் 45 செ.மீ. வரை. கடையில் வாங்கும் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இந்தத் தடுப்பு நான்கு விரல் உயரம்தான் இருக்கும். அப்படிப்பட்ட பெட்டி பாம்புக்கு ஆகும், உடும்புக்கு ஆகாது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே அந்தத் தடுப்புதான். கதவுக்குப் பூட்டு கட்டாயம். நகர்த்தும் கண்ணாடியை நகத்தால் தள்ளித் திறக்க உடும்புக்குத் தெரியும். ஒரு முறை கற்றுக்கொண்டால் மறக்காது.

மண்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

முதலில் வெறும் மணலை மூட்டையாக வாங்கிக் கொட்டினேன். பாலைவனத்து உடும்புதானே, மணல்தானே வேண்டும் என்ற அரைகுறை அறிவு. ஆக்கி இரண்டு நாள் பறித்தது. பறிக்கப் பறிக்கச் சரிந்தது. அப்புறம் பறிப்பதையே விட்டுவிட்டு மரப்பட்டைக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. உரித்த தோல் வால் நுனியில் வளையமாக ஒட்டி நின்றது. வறட்சியின் அறிகுறி அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேண்டியது வளை நிற்கும் மண். உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்ட மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். தொட்டிச்செடிக்கு விற்கிற பாக்கெட் கலவை வேண்டாம். அதில் உரக் குருணையும், பெர்லைட் என்கிற எடையில்லாத வெள்ளைக் கல் துகளும் இருக்கும். கலந்து, தண்ணீர் தெளித்து, ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். கொழுக்கட்டை பிடிக்கிற பதம் வர வேண்டும். கையைத் திறந்தால் உதிரக் கூடாது, அமுக்கும்போது தண்ணீர் சொட்டவும் கூடாது. அதில் விரலால் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். ஓட்டை அப்படியே நின்றால் மண் சரி. உதிர்ந்தால் களிச்சத்துள்ள மண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

தேங்காய் நார்த்தூள் கட்டி இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். திருப்பிப் பார்த்தால் இலங்கை என்றோ இந்தியா என்றோ எழுதியிருக்கும், ஒரு நிமிடம் ஊர் ஞாபகம் வரும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் மண்ணோடு கொஞ்சம் கலக்கலாம். தனியாகப் போட்டால் வளை நிற்காது, காய்ந்தால் தூசி கிளம்பும்.

மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் நான்கு விரல் உயரத்துக்குப் போட்டு, கையால் அழுத்தி, மேலே அடுத்த அடுக்கு என்று போடுங்கள். பெரிய கற்கள் வைப்பதாக இருந்தால் மண் போடுவதற்கு முன்பே பெட்டியின் தரையில் நிற்கும்படி வைத்துவிட வேண்டும். மண்ணின் மேல் கல்லை வைத்தால் உடும்பு அதன் அடியில்தான் முதலில் தோண்டும். அதற்கு அதுதான் இயல்பு. கல் இறங்கினால் உடும்பு நசுங்கிவிடும்.

ஈரத்தைக் காப்பாற்றுவதற்கு மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. குளிர்ந்த பக்கத்து மூலையில் ஒரு குழாய்த் துண்டைத் தரை வரை செருகி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை அதன் வழியாக இரண்டு லிட்டர் போல ஊற்றுவேன். தண்ணீர் அடியில் பரவி மெதுவாக மேலேறும். மேல் மண் உலர்ந்திருக்கும், ஒரு சாண் கீழே ஈரமாக இருக்கும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது உங்கள் அறையைப் பொறுத்தது, விரலை விட்டுப் பார்த்தே பழக வேண்டும். சேறாக்கிவிட்டால் வயிற்றுத் தோலில் புண் வரும்.

பெண் உடும்பாக இருந்தால் இந்த ஆழ மண் இன்னும் முக்கியம். ஆண் இல்லாமலேயே கருவுறாத முட்டைகள் இட வாய்ப்பு உண்டு. இடம் பிடிக்கவில்லை என்றால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும், அதில் இறந்தும் போகலாம். வாங்கும் குட்டி ஆணா பெண்ணா என்று சிறு வயதில் சொல்வது கடினம். அதனால் பெண் என்றே நினைத்து மண் போட்டுவிடுவது நல்லது.

விளக்குகள்

வெயில் காயும் இடத்துக்கு ஹாலோஜன் ஃபிளட் விளக்கு. ஒளியைக் குறுகலாகக் குவிக்கும் ஸ்பாட் வகை வேண்டாம், அது முதுகில் ஒரு புள்ளியை மட்டும் சுட்டுப் புண்ணாக்கும். உடும்பின் தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரே மாதிரி சூடு விழ வேண்டும். அதற்கு 150 வாட் விளக்கு ஒன்றைவிட 75 வாட் விளக்குகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது மேல். பீங்கான் ஹோல்டரில் மாட்டுங்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் இந்தச் சூட்டில் இளகிவிடும். உடும்பு தாவி விளக்கைத் தொடாத உயரமும் கம்பிக் கூடும் வேண்டும்.

விளக்கின் கீழே அடுக்குக் கல். அமெரிக்க வளர்ப்பாளர் பிராங்க் ரீட்டஸ் பெயரால் இதற்கு 'ரீட்டஸ் அடுக்கு' என்று பெயர். பலகைக் கற்களையோ பலகைகளையோ இடையில் உடும்பின் முதுகு உரசும் அளவுக்கு இடுக்கு விட்டு நான்கைந்து தட்டாக அடுக்குவது. மேல் தட்டு 60 டிகிரி என்றால் அதன் கீழ்த்தட்டு 45, அதற்கும் கீழே 35 என்று இறங்கும். வெளியே வராமலே தனக்கு வேண்டிய சூட்டைத் தட்டு மாறித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கூச்சமுள்ள குட்டிகளுக்கு இது ஒரு வரம். தட்டுகள் நகராதபடி திருகாணியோ சிலிகான் பசையோ கொண்டு இறுக்கிவிடுங்கள்.

கல்லின் சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும், கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றியிலும் வைத்தார்களே அந்த ஜாதி. ஆனால் நெற்றிக்கு வைத்தது உடல் சூட்டுக்கானது. இதற்கு அடுப்படி, பட்டறை வேலைக்கு விற்கிற வகையை வாங்குங்கள். காற்றின் வெப்பத்துக்குத் தனியாக இரண்டு வெப்பமானிகள். சூடான பக்கம் 32 முதல் 35, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. பெட்டியில் எந்த இடமும் 60 ஆகவில்லை என்றால் விளக்கை மாற்றலாம், கல்லை உயர்த்தலாம். குளிர்ந்த பக்கம் 30க்கு மேல் போனால் விளக்கைக் குறைப்பதைவிடப் பெட்டியைப் பெரிதாக்குவதுதான் சரியான மருந்து. உடும்பு ஓடித் தப்பிக்க இடமில்லாத பெட்டி அடுப்புதான்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மாட்டினால் விளக்கை மங்கலாக்கிக் கூட்டிக் குறைக்கும் வகையாகப் பாருங்கள். சட்டென்று அணைத்துப் போடும் வகை ஹாலோஜனுக்கு ஒத்துவராது, கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இரவில் எல்லா வெளிச்சமும் அணைய வேண்டும். சிவப்பு விளக்கு வேண்டாம். இரவு 22, 23 டிகிரிக்கு இறங்குவது நல்லதே. அறை 18க்கும் கீழே போகும் வீடு என்றால் வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றி ஒன்றை வைக்கலாம். என் வீட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது இல்லாமல் முடியாது. மண்ணுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பும், மின்சாரத்தில் சுடும் செயற்கைக் கல்லும் கடையில் விற்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டும் பிராணிக்குக் கீழேயும் சூடு வைத்தால் அது எங்கே போகும்?

யூவிபி என்கிற புறஊதாக் கதிர்க்குழல் தனி. தோலில் வைட்டமின் டி3 உருவாகவும், அதன் வழியாகக் கால்சியம் எலும்பில் சேரவும் இது. ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பார்கள். கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். டி5 வகை நீளக்குழலை ஹாலோஜன் விளக்குகளுக்கு இணையாக, பெட்டியின் பாதி நீளத்துக்கு மாட்டினால் போதும். மற்ற பாதி நிழல். எவ்வளவு தூரத்தில் மாட்டுவது என்பது குழலுக்குக் குழல் மாறும், அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஓராண்டு ஆனதும் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், கதிர் குறைந்திருக்கும், மாற்ற வேண்டும்.

மின்கட்டணம்: இரண்டு 75 வாட் விளக்கு, 24 வாட் குழல், பன்னிரண்டு மணி நேரம் என்றால் நாளுக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டும். ஆக்கி உயிரோடிருக்கும் பதினைந்து ஆண்டும் தினமும் இந்தச் செலவு உண்டு.

உள்ளே மற்றவை சுலபம். கார்க் மரப்பட்டை, குடைவுள்ள கட்டை, ஏறுவதற்குக் கிளை, உடும்பு உள்ளே இறங்கிப் படுக்கும் அளவுக்குக் கனமான தண்ணீர்த் தட்டு. அதிலேயே மலமும் கழிக்கும், தினமும் கழுவ வேண்டும். பெட்டி வெளிச்சமாக, வெறிச்சென்று இருப்பது நமக்குத்தான் அழகு. குட்டிக்கு முதல் சில வாரம் கண்ணாடியில் பாதியைக் காகிதத்தால் மறைத்துவிட்டேன். பயம் தெளிந்ததும் தானே வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

பெரிய உடும்பு ஆசை வந்தால்

நான் ஆக்கியின் கணக்கைச் சொன்னேன். அமெரிக்கக் கடைகளில் அதைவிட மலிவாக, உள்ளங்கையில் கண்ணைக் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் சவானா உடும்புக் குட்டி கிடைக்கும். கானா, டோகோ, பெனின் பக்கத்திலிருந்து வருவது. அது வளர்ந்தால் ஒரு மீட்டர், தடித்த உடம்பு, ஓயாமல் தோண்டும். அதற்கு வளர்ப்பவர்கள் சொல்லும் அளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம், அதில் 2 அடி மண். மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள், மண் மட்டும் இரண்டரை டன்னைத் தாண்டும். குட்டியின் விலை பெட்டியின் விலையில் ஒரு மூலைக்கும் காணாது. மண் இல்லாத தொட்டியில் வைத்து, எலியாகவே தின்னக் கொடுத்துக் கொழுக்க வைத்து, சில ஆண்டுகளிலேயே சாக விடுவது அதன் வழக்கமான கதை. ஆசிய நீர் உடும்புக்கோ பெட்டி என்ற பேச்சே இல்லை, ஓர் அறையும் குளமும் வேண்டும்.

பெட்டியைத் தயார் செய்து குறைந்தது ஒரு வாரம் வெறுமனே ஓட விடுங்கள். காலை, மதியம், இரவு என்று அளவுகளைக் குறித்துவையுங்கள். அப்புறம் உடும்பை உள்ளே விட்டால், அடுத்த மாதம் முழுக்க அதுதான் உங்களுக்கு வெப்பமானி. நாள் முழுக்க விளக்கின் அடியிலேயே கிடந்தால் கல் போதிய சூடாகவில்லை. வெளியே தலையே காட்டவில்லை என்றால் ஒன்று பயம், இல்லை மேலே எல்லா இடமும் சூடு. குளிர்ந்த பக்கத்து வெப்பமானியைப் பாருங்கள். கண்ணாடியை விடாமல் பிராண்டினால் ஒளிய இடம் போதவில்லை. வளை தோண்டித் தோண்டிப் பாதியில் விட்டால் மண்ணைக் கிளறி ஈரம் கொடுத்து மறுபடி அழுத்துங்கள். விரல் நுனியிலும் வால் நுனியிலும் பழைய தோல் வளையமாக ஒட்டி நின்றால், அதைப் பிய்க்கப் போகாமல், மூலையில் இருக்கும் அந்தக் குழாயில் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்.